கப்பலுக்கு என் ரேசரை எடுத்துப் போகலாமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 66 வயது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்களுடைய 40-வது கல்யாண நாளுக்காக வருகிற தை மாசம் நாலு ராத்திரி கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறான். கோவையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கே கப்பல் ஏறிப் பினாங்கு, ஃபூகெட் போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். நான் 1984-லிருந்து ஒரே ரேசரில்தான் ஷேவிங் செய்கிறேன். பிளேடை மாட்டி மூடியைத் திருகுகிற பழைய செட். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் ரேசர் வாங்கச் சொல்கிறான் மகன். ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களாம், கப்பலிலும் விடமாட்டார்களாம். மீசை வெட்டச் சின்னக் கத்தரிக்கோல், படிகாரக் கட்டி, எங்கள் அப்பா வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி இதெல்லாம் எப்போதும் என் பையில் இருக்கும். வீட்டில் அவள் கொய்யாப்பழம் நறுக்க ஒரு கத்தி எடுத்துவைக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள். எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷமாகிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். எதை எடுப்பது, எதை விடுவது, எதை எங்கே வைப்பது?"

ஐயா, வணக்கம். நாற்பது வருஷம் சேர்ந்து நடந்ததற்கு முதலில் உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள்.

அந்த ரேசரைத் தூக்கிப் போட வேண்டாம். தாராளமாக எடுத்துப் போகலாம். கோவையில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக நம் பக்கத்து ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பிவருகிறேன், பல தடவை கூடவே போயும் வந்திருக்கிறேன். ஷேவிங் செட் கொண்டுபோனதால் யாரும் கரையில் நின்றதில்லை. பிளேடை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் சிக்கல் வந்திருக்கிறது. உங்கள் மகன் சொன்னதில் அந்த ஒரு பாதி சரி.

ரேசர் வேறு, பிளேடு வேறு என்று பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் ரேசரிலும் கார்ட்ரிட்ஜ் ரேசரிலும் பிளேடு உள்ளேயே பதிந்திருக்கும், கையால் பிடுங்கி எடுக்க முடியாது. அதனால் விமானத்தில் கைப்பையிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் செட்டில் இருப்பது தனிப் பிளேடு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம், இரண்டு பக்கமும் கூர், நினைத்த நேரத்தில் வெளியே எடுக்கலாம். தனிப் பிளேடு ஒன்றே ஒன்று இருந்தாலும் கைப்பையில் கூடாது. பாக்கெட் பிரிக்காத புது பிளேடும் இதில் சேர்த்திதான். பிளேடு இல்லாத வெறும் ரேசர் கைப்பையில் போகலாம். ஆனாலும் எக்ஸ்ரேயில் ரேசர் தெரிந்தால் பையைத் திறந்து பார்ப்பார்கள், பின்னால் வரிசை நிற்கும், உங்களுக்குப் படபடப்பு வரும். செட்டையும் பிளேடையும் சேர்த்துப் பெரிய பெட்டியில் போட்டு, செக்-இன் கவுன்டரில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கப்பல். நம் ஆட்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

விமானத்தைப் பொறுத்தவரை கைப்பைக்கு ஒரு சட்டம், பெரிய பெட்டிக்கு ஒரு சட்டம். பெரிய பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடுகிறது, இறங்கும்வரை உங்கள் கை அதில் படாது. அதனால் அதில் காய் நறுக்கும் கத்தியைக்கூட வைக்கலாம். கப்பலில் அப்படிக் கிடையாது. சிங்கப்பூர் மரீனா பே துறைமுகத்தில் பெட்டிக்குச் சீட்டுக் கட்டிக் கொடுத்தீர்களானால், அதை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் உங்கள் அறை வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நாலு நாளும் அது உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். ஆக, கப்பல்காரர்களுக்குப் பெட்டி, கைப்பை என்ற பேதமே இல்லை. இரண்டுக்கும் ஒரே சட்டம். கோவையில் பெரிய பெட்டிக்குள் பேசாமல் விட்ட சாமானைச் சிங்கப்பூரில் எடுத்து வைத்துக்கொண்டு, 'பாதுகாப்பு அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று கூப்பிடுவார்கள். "விமானத்திலேயே விட்டார்களே" என்று அங்கே போய் வாதாடிப் பிரயோஜனமில்லை.

வீட்டம்மா எடுத்துவைக்கும் கத்தி இப்படித்தான் மாட்டும். அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். நாலு அங்குலத்துக்குள் இருக்கும் பேனாக்கத்தியை அனுமதிக்கும் கப்பல்களும் உண்டு, கத்தி என்றாலே கூடாது என்னும் கப்பல்களும் உண்டு. ஒரு கொய்யாப்பழத்துக்காக அந்த வம்பு எதற்கு? கப்பலில் காலை முதல் ராத்திரி வரை நறுக்கிய பழம் தட்டுத் தட்டாக இருக்கும். பாக்கு போடும் பழக்கம் இருந்து பாக்குவெட்டியையும் பையில் போட்டிருந்தால், அதுவும் வீட்டோடு இருக்கட்டும். புகையிலை சேர்த்துப் போடுகிறவர்கள் யாராவது கூட வந்தால் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே கூடாது. மீறினால் அபராதம்.

உங்களிடம் இருப்பது போன்ற சேஃப்டி ரேசரை நான் பார்த்த கப்பல்களெல்லாம் சொந்த உபயோகச் சாமான் என்றுதான் விட்டிருக்கின்றன. அந்த ரேசரின் அமைப்பே அதற்குக் காரணம். மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பிளேடு படுத்துக்கொள்ளும், விளிம்பு மட்டும் மயிரிழை அளவு வெளியே எட்டிப் பார்க்கும். அமெரிக்காவில் கிங் ஜில்லெட் இந்த மாதிரி ரேசரை 1903-ல் விற்க ஆரம்பித்தபோது முதல் வருஷம் 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றன. நூற்றி இருபது வருஷம் கழித்து கோபியில் உங்கள் கண்ணாடி முன்னால் இருப்பதும் அதே அமைப்புத்தான். மூடியைக் கழற்றாமல் அதை ஆயுதமாக்குவது சிரமம். மீசைக் கத்தரிக்கோலும் நாலு அங்குலத்துக்குக் குறைவான அலகு என்றால் கப்பலில் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். கூர்முனை என்பதால் விமானத்தில் மட்டும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் இருக்கட்டும். நகவெட்டியும் அதோடே போகட்டும். கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பதால், டிக்கெட்டோடு வரும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை மகனை ஒருதரம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவின் மடக்குச் சவரக்கத்தியைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் பெரிய பெட்டிக்குள் அது போய்விடும். கப்பலில் அதை ரேசர் என்று பார்ப்பதா, கத்தி என்று பார்ப்பதா என்பது அன்றைக்கு எக்ஸ்ரே முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் கையில் இருக்கிறது. கத்தி என்று முடிவு செய்தால் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பிளாஸ்டிக் ரேசர் போனால் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அப்பா கை பட்டுத் தேய்ந்த பிடியை எந்தக் கடையில் வாங்குவது? மீசையோரத்தை நாலு நாளைக்கு ரேசரின் முனையாலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டியில் எப்படி வைப்பது என்று பார்ப்போம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஷேவிங் முடித்ததும் பழைய பிளேடைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ரேசரை மூன்று துண்டாகக் கழற்றுங்கள்: மூடி, அடித்தட்டு, பிடி. பழைய பல் பிரஷ்ஷால் சோப்புப் பொருக்கைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெறும் ரேசராகத் திரும்பவும் முறுக்கி, ஒரு பருத்திக் கைக்குட்டையில் உருட்டிச் சுற்றுங்கள். பிளேடு மாட்டிய ரேசரை அப்படியே பெட்டியில் போட்டால், குலுக்கலில் மூடி ஒரு சுற்று தளர்ந்தாலே பிளேடு வெளியே நீட்டிக்கொள்ளும். பெட்டியைச் சோதிக்க யாராவது கையை விட்டால் விரலைக் கிழித்துவிடும். புது பிளேடை அட்டைப் பாக்கெட்டோடு எடுங்கள், மெழுகுத் தாளைப் பிரிக்க வேண்டாம். நாலு ராத்திரிக்கு இரண்டு பிளேடு போதும், மிஞ்சிப்போனால் மூன்று. பாக்கெட்டை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து ரப்பர் பேண்டு போட்டு, துணிகளுக்கு நடுவில் செருகாமல் பெட்டியின் மேல்பக்கத்திலேயே வையுங்கள். திறந்தவுடன் இதுதான் என்று தெரிந்துவிட்டால் சோதிக்கிறவர் கிளறப் போவதில்லை.

பிளேடு என்றதும் இன்னொரு விஷயம். நம் பக்கத்தில் பிளேடு ஷேவிங் செட்டில் மட்டும் இருப்பதில்லை. பாதியாக ஒடித்த பிளேடு ஊசிநூல் டப்பாவில் இருக்கும், தையல் பிரிக்க. பேரப்பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருக்கும். மாத்திரையைப் பாதியாக்க மூக்குக் கண்ணாடிக் கூட்டில்கூட வைத்திருப்பார்கள். திருப்பூரிலிருந்து என்னோடு வந்த ஓர் அம்மாவை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. கடைசியில் சுருக்குப்பையின் அடியில், நூல்கண்டுக்குள் குத்திவைத்த அரைப் பிளேடு. அது அங்கே இருக்கிறது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. அவர் முகம் சுண்டிப்போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் நீங்கள் இருவரும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கைப்பை, பர்ஸ், சுருக்குப்பை, மருந்துப்பை எல்லாவற்றையும் கட்டிலில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

கோவையிலிருந்து ராத்திரி விமானம் என்றால் காலையில் சிங்கப்பூரில் இறங்கும்போது முகம் கரகரவென்று இருக்கும், பெட்டியோ சாயங்காலம்தான் அறைக்கு வரும். அந்த ஒரு நாளைக்காக ஒரே ஒரு பிளாஸ்டிக் ரேசரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது மகன் சொன்னதற்கும் ஒரு மரியாதை. இன்னொரு வேலைக்கும் அது உதவும், கடைசியில் சொல்கிறேன்.

சோப்பு, கிரீம் விஷயத்துக்கு வருகிறேன். கைப்பையில் திரவமோ கிரீமோ ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத குப்பியில் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள, உள்ளே தெரிகிற ஒரே பையில் அடங்க வேண்டும். 2006-ல் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. குப்பியின் அளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். 200 மில்லி பாட்டிலில் அடியில் ஒரு விரல்கடை லோஷன் இருந்தாலும் கைப்பையில் போகாது. பீய்ச்சும் நுரை டப்பா என்றால் பெரிய பெட்டியில் ஒன்று 500 மில்லிக்குள், ஆளுக்கு மொத்தம் இரண்டு கிலோவுக்குள் இருக்கலாம், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் நுரை டப்பாவும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், ஒரு வட்டச் சோப்பும் பிரஷ்ஷும் எடுத்துப் போங்கள். காரணம் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணியில் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றிக் கை வலித்ததுதான் மிச்சம், முகத்தில் வெள்ளைப் பொருக்கு மட்டும் நிற்கும். கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வின் வழியாக அழுத்தி வடிகட்டியோ தண்ணீர் தயாரிக்கிறார்கள். தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. சிறுவாணித் தண்ணியில் குளித்திருப்பீர்களே, ஏறக்குறைய அப்படி வழவழப்பாக இருக்கும். வீட்டில் போடும் சோப்பில் கால்வாசி போட்டாலே முகம் கொள்ளாத நுரை வரும். கட்டிச் சோப்புக்குத் திரவக் கட்டுப்பாடும் கிடையாது. பிரஷ்ஷை மட்டும் ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள், நாற்றம் எடுத்துவிடும்.

படிகாரக் கட்டி போகலாம். வெள்ளைக் கட்டியாகத் தாளில் மடித்து வைத்தால் அது என்ன என்று கேட்பார்கள், பெயர் அச்சிட்ட பாக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டியை நீங்கள் மட்டும் தடவுங்கள். கூட வருகிற ஒரம்பரை யாரும் கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள். ரத்தம் பட்ட கட்டி வழியாக அடுத்தவருக்குத் தொற்று போகக்கூடும்.

ஸ்டென்ட் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வெட்டுக்கூட நேரமெடுத்துத்தான் நிற்கும். அதற்காக மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. கப்பலில் எப்போது ஷேவிங் செய்வது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகிற வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேயா, மறுபக்கம் சுமத்ரா, நடுவில் அடங்கிய கடல். ஃபூகெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை புரளும், நீங்கள் போகும் தை மாசம் அமைதியாக இருக்கும். ஆனாலும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் ஒரு தடவை சாயும். அந்த நேரத்தில் பிளேடு தொண்டைக்குழியில் இருக்கக் கூடாது. கப்பல் துறைமுகத்தில் நின்ற பிறகு, வெந்நீரில் முகத்தை நனைத்து, இடுப்பைக் குளியலறை மேடையில் சாய்த்து நின்றுகொண்டு செய்யுங்கள். கடலிலேயே கழியும் நாளில் தாடியை விட்டுவிடுங்கள், கல்யாண நாளுக்கு மட்டும் மழுமழுவென்று இருந்தால் போதாதா! வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பத்து நிமிஷம் எடுக்காமல் பிடியுங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. அதற்குப் பிறகும் வழிந்தால் கூச்சப்படாமல் கப்பல் மருத்துவமனைக்கு இறங்கிப் போங்கள்.

உங்கள் வீட்டம்மாவின் இன்சுலினுக்கு நான் இதுவரை சொன்னதெல்லாம் பொருந்தாது. அது தலைகீழ். இன்சுலின், ஊசி, விரலில் குத்தும் சின்ன ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் குளிர் கடுமையாகலாம், உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, மருந்துச் சீட்டோடு சேர்த்து அதே பையில் வையுங்கள். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனாவோ குப்பியோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை வெளியே இருக்கலாம், ஏசி அறைக்கு அது தாங்கும். அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது, அதை நம்பாமல் ஏறிய அன்றைக்கே வரவேற்பில் சொல்லுங்கள். கூடவே, போட்ட ஊசியைப் போட ஒரு கெட்டி டப்பா தரும்படி கேளுங்கள், கொண்டுவந்து கொடுப்பார்கள்.

டப்பா என்றேன் இல்லையா, அதுதான் இந்தப் பதிலிலேயே எனக்கு முக்கியமாகப் படுகிற இடம்.

சில வருஷங்களுக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவை இதே வழியில் கூட்டிப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை வரவேற்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனால், எங்கள் தளத்தில் அறை சுத்தம் செய்யும் பையன் நிற்கிறான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பெரிய கட்டு. எங்கள் ஆள் ஒருவர் ஷேவிங் செய்துவிட்டு பிளேடை டிஷ்யூ தாளில் சுற்றிக் குளியலறைக் கூடையில் போட்டிருக்கிறார். அந்தத் தாள் ஈரத்தில் கூழாகிவிட்டது. பையன் பையை முடிச்சுப்போட மேலிருந்து அமுக்கியிருக்கிறான், அவ்வளவுதான். அந்தக் கூடையை நானும் பார்த்தேன். வெள்ளைத் தாளோடு ஒட்டிக்கொண்டு, ஒரு ஓரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் ஆளைக் கூப்பிட்டுச் சொன்னதும் துடித்துப் போய்விட்டார். "ஏனுங்க, காயிதத்துல சுத்தித்தானுங்க போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் பிளேடை ஜன்னல் சட்டத்தின் மேலே வைத்தே பழகியவர். அன்று சாயங்காலம் அந்தப் பையனைத் தேடிப்போய், மொழி தெரியாமல், கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நான் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் டிக்கெட்டோடு ஒரு சின்னத் தகர டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன்.

குப்பைக் கூடையோடு அது முடிந்துவிடுவதுமில்லை. கப்பல் குப்பையைக் கடலில் கொட்ட முடியாது. மார்போல் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்ததிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடக் கூடாது. 2013 ஜனவரி 1 முதல் உணவுக் கழிவு போன்ற சில விலக்குகள் தவிர எந்தக் குப்பையையும் போடக் கூடாது. அதனால் கீழ்த்தளத்தில் ஆட்கள் நின்று கண்ணாடி, தகரம், காகிதம், பிளாஸ்டிக் என்று கையாலேயே பிரிக்கிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் பிளேடுக்கு அது ஒரு பொருட்டில்லை. அறைப் பையன் கை தப்பினாலும் அடுத்து இரண்டு மூன்று கை அந்தப் பையைத் தொடும்.

ஆகவே ஒரு டப்பா. தைல டப்பா, மிட்டாய் டப்பா, எதுவானாலும் தகரத்தில், மூடி இறுக்கமாக. கழற்றிய பிளேடு நேராக அதற்குள். ஊசி போடக் கப்பலில் கொடுக்கும் டப்பாவிலேயே பிளேடையும் போடலாமா என்று அறைப் பையனிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அப்படியென்றால் இன்னும் சுலபம்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீர் காய்ச்சும் கம்பி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதெல்லாம் கப்பலில் பிடிபடும். கற்பூரம், ஊதுபத்தி கொளுத்தவே கூடாது. மகனுக்கென்று காங்கேயத்துக் கொப்பரை ஏதாவது கட்டி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்குகளில் அதைச் சேர்த்திருக்கிறார்கள், விமானத்தில் பெரிய பெட்டியிலும் கூடாது. டிரிம்மர் எடுத்துப் போவதானால் அதில் பொருத்திய பேட்டரி பரவாயில்லை, தனிப் பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டும். குளியலறையில் ஷேவர் படம் போட்ட பிளக்கில் டிரிம்மர் தவிர வேறொன்றும் மாட்டாதீர்கள், அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது.

பினாங்கில் இறங்கும் நாளுக்கு ஒரு யோசனை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குவீன் வீதியில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தமிழிலேயே பேசலாம். ரேசரை அன்றைக்கு அறையிலேயே விட்டுவிட்டு, அங்கே ஒரு சலூனில் உட்கார்ந்து ஷேவிங் செய்துகொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கப்பலுக்குள்ளும் சலூன் உண்டு, ஆனால் அங்கே கேட்கும் பணம் நமக்குக் கட்டுப்படியாகாது. பினாங்கிலோ ஃபூகெட்டிலோ அலங்காரக் கத்தி, குத்துவாள் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பையை எக்ஸ்ரேயில் விடுவார்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கடைசி ராத்திரிதான் பாக்கி. மறுநாள் காலையில் இறங்க வேண்டும் என்பதால் முந்தின ராத்திரியே பெரிய பெட்டியை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். அதைச் சிங்கப்பூர் துறைமுகத்தில்தான் திரும்பப் பார்ப்பீர்கள். நிறையப் பேர் காலையில் ஷேவிங் செய்ய வேண்டுமே என்று செட்டை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். காலையில் முடித்து, கைப்பையில் போட்டு, அப்படியே விமான நிலையம் போய்க் கைப்பைச் சோதனையில் நிற்கிறார்கள். நாலு நாள் பத்திரமாக வந்த பிளேடு அங்கே மாட்டும். நீங்கள் ஃபூகெட்டில் கப்பல் நிற்கும்போதே கடைசி ஷேவிங்கை முடித்துவிடுங்கள். பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டு, ரேசரைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டையும் பெரிய பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். காலையில் தாடை கொஞ்சம் சொரசொரத்தால் இருக்கவே இருக்கிறது, மகன் சொன்ன பிளாஸ்டிக் ரேசர்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த டப்பாவைக் குப்பையோடு கொட்டிவிடாதீர்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே மார்க்கர் பேனாவால் 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளர் வரும்போது தனியாகக் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். வீட்டம்மாவின் ஊசிகளுக்கும் அதே மாதிரி இன்னொரு டப்பா.